ஸ்பே காஸ்டிங் கற்க வகுப்புக்குப் போகிறவர்களுக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் பல இடங்களில் முதுகை ஒட்டியே மரங்கள் நிற்கும், இல்லாவிட்டால் செங்குத்தான மேடு. இறகும் நூலும் கட்டிய கொக்கிதான் ஃப்ளை; அதை வைத்து மீன் பிடிக்கும் சாதாரண ஃப்ளை ஃபிஷிங்கில் லைனைப் (தூண்டில் கயிற்றை) பின்னால் முழு நீளத்துக்கும் பறக்கவிட்டு, அப்புறம் முன்னால் வீசுவார்கள். இங்கே அப்படிச் செய்தால் ஃப்ளை கிளையில்தான் போய் மாட்டும். 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றில் சால்மன் பிடித்தவர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். லைனின் நுனியை மட்டும் தண்ணீரில் படியவிட்டு, மீதியைத் தோளுக்குப் பின்னால் ஒரு வளைவாகக் கொண்டுவந்து, அங்கிருந்தே முன்னால் எறிவது. அதற்கு இரண்டு கைகளாலும் பிடிக்கும் நீளமான தூண்டில் கோல் வேண்டும். அதுதான் ஸ்பே காஸ்டிங்.

தண்ணீரில் படிந்திருக்கும் நுனிப்பகுதிக்கு ஆங்கர் என்று பெயர். பின்னால் தொங்கும் வளைவு டி-லூப். இந்த இரண்டு சொற்களும் வகுப்பு முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

யூடியூபில் இதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கும்போது காசு கொடுத்து வகுப்புக்கு ஏன் போக வேண்டும்? டி-லூப் உங்கள் முதுகுக்குப் பின்னால் உருவாகிறது, ஆங்கர் கடைக்கண் ஓரத்தில் விழுகிறது, நீங்களோ எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். வீச்சைத் தீர்மானிக்கும் இரண்டுமே உங்கள் பார்வைக்கு வெளியே நடக்கின்றன. எப்படி வீச வேண்டும் என்று வீடியோ காட்டிவிடும். நீங்கள் எப்படி வீசுகிறீர்கள் என்று அதனால் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்கும் ஒரு பழகிய கண்ணுக்காகத்தான் வகுப்பு. அந்தக் கண்ணை எப்படித் தேர்வது, அதிலிருந்து எப்படி முழுப் பயன் பெறுவது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில்: எதையும் வாங்காதீர்கள்

ஆசை வந்ததும் எல்லாரும் முதலில் கோல்தான் வாங்குகிறார்கள். வேண்டாம். பெரும்பாலான பயிற்சியாளர்கள் கோல், ரீல், லைன் எல்லாவற்றையும் தாங்களே கொண்டுவருவார்கள். அதைவிட முக்கியமாக, எந்தக் கோலுக்கு எந்த லைன் பொருந்தும் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்பே காஸ்டிங்கில் பாதிக் குழப்பம் லைனில்தான் இருக்கிறது.

லைன்களை மோட்டாவாக மூன்றாகப் பிரிக்கலாம். ஸ்காண்டி என்பது நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும் குட்டையான ஹெட் (லைனின் முன்பக்கக் கனமான பகுதி). கோலின் நீளத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருக்கும். அமெரிக்காவின் வடமேற்கில் ஸ்டீல்ஹெட் என்ற டிரவுட் இன மீனைப் பிடிக்கிறவர்களிடமிருந்து வந்த ஸ்காஜிட் அதைவிடக் குட்டை, தடிமன், கனம். பெரிய ஃப்ளையையும் மூழ்கும் நுனியையும் தூக்கி எறிவதற்கென்றே ஆனது. மூன்றாவது, பழைய ஸ்காட்லாந்துப் பாணியின் நீண்ட லைன்கள். பார்க்க அழகு, ஆனால் நேரம் பிசகினால் மன்னிக்காது. இவற்றின் எடையை கிராமில் அல்லது கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிராம் சுமார் 15.4 கிரெயின்.

ஸ்காட்லாந்து ஆறுகளுக்கு ஆரம்பத்தில் 13 முதல் 14 அடிக் கோல், 8 அல்லது 9-ஆம் எண் (கோல் தாங்கும் லைனின் எடையைக் குறிப்பது), அதற்கேற்ற ஸ்காண்டி ஹெட் போதும் என்பது என் கருத்து. 15 அடிக் கோல் அகலமான ஆற்றில் உதவும்தான், ஆனால் தவறுகளையும் சேர்த்தே பெரிதாக்கும். எதுவானாலும் முதல் வகுப்பில் இரண்டு மூன்றைக் கையில் பிடித்து வீசிப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

யாரிடம் படிப்பது

பிரிட்டனில் பயிற்சியாளர்களைத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமைப்புகளில் ஏ.ஏ.பி.ஜி.ஏ.ஐ., ஜி.ஏ.ஐ.ஏ. இரண்டும் தெரிந்த பெயர்கள். அமெரிக்காவில் ஃப்ளை ஃபிஷர்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு இருகைக் கோலுக்குத் தனிச் சான்றிதழே வைத்திருக்கிறது. சான்றிதழில் இருகைக் கோல் அல்லது சால்மன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கையில் பிரமாதமாக வீசுகிறவர் ஸ்பே நன்றாகச் சொல்லித்தருவார் என்று நினைத்துவிடக் கூடாது.

கில்லியிடமே கற்றுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். ஆற்றின் ஒரு பகுதியைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு வழிகாட்டும் ஆள்தான் கில்லி. ஆற்றின் ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும், அருமையாகச் சொல்லித்தரும் கில்லிகளும் உண்டு. ஆனால் மீன்பிடிக்கக் காசு கட்டிய நாளில் உங்களுக்கு ஒரு மீன் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. வீச்சு கோணலாக இருந்தாலும் ஃப்ளை மீன் இருக்கும் இடத்துக்குப் போனால் அவர் விட்டுவிடுவார், அது நியாயமும்கூட. கற்கும் நாளையும் மீன்பிடிக்கும் நாளையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும் முன் நாலு கேள்வி கேளுங்கள். தனியாகவா, குழுவாகவா? கட்டணத்தில் கோலும் ஆற்று அனுமதியும் சேர்த்தியா? ஓடும் ஆற்றிலா, குளத்திலா? நான் வீசுவதை என் ஃபோனில் வீடியோ எடுத்துத் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் சரி சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள். குழு வகுப்பு மலிவு, ஆனால் ஆறு பேருக்கு ஒரு கண் என்றால் உங்கள் பங்கு குறைவுதான். அரை நாள் தனி வகுப்பு, ஒரு முழு நாள் குழு வகுப்பைவிட மேல். முழு நாளும் தனியாக எடுத்தால் மதியத்துக்கு மேல் தோளும் சோர்ந்துவிடும், மூளையும் சோர்ந்துவிடும்.

எங்கே, எப்போது

ஸ்பே ஆற்றிலேயே கற்க ஆசை என்றால் கிராண்டவுன்-ஆன்-ஸ்பே நல்ல இடம். உள்ளூர்ச் சங்கமான ஸ்ட்ராத்ஸ்பே ஆங்லிங் இம்ப்ரூவ்மென்ட் அசோசியேஷன் தன் பகுதியில் மீன்பிடிக்க வெளியூர்க்காரர்களுக்கும் அனுமதிச்சீட்டு தருகிறது. டே, ட்வீட், டீ ஆறுகளின் பக்கமும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். கனடாவில் டொரொண்டோ பக்கம் இருக்கிற நம் ஆட்கள் இதற்காக அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டியதில்லை. ஒன்டாரியோவின் கிராண்ட் ஆற்றில் ஸ்டீல்ஹெட்டுக்கு இதே வீச்சுதான்.

ஸ்பேயில் சால்மன் பருவம் பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30 வரை. டே ஆற்றில் ஜனவரி 15-இலேயே தொடங்கிவிடும், ட்வீடில் நவம்பர் 30 வரை நீளும். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது சட்டப்படி குற்றம், அதனால் வாரக் கடைசிப் பயணம் போடுகிறவர்கள் நாளைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருப்பதுபோல் அரசு உரிமம் ஸ்காட்லாந்தில் தேவையில்லை (எல்லையோர எஸ்க் ஆறு மட்டும் விதிவிலக்கு). ஆனால் சால்மன் பிடிக்கும் உரிமை தனியார் சொத்து. ஆறு சும்மாதானே ஓடுகிறது என்று இறங்கிவிட முடியாது.

மாதத்தைப் பொறுத்தவரை ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி எனக்குப் பிடித்த காலம். பிப்ரவரியில் விரல் விறைத்துப்போய்ப் பாடம் ஏறாது. ஜூனுக்கு மேல் காற்றில்லாத மாலைகளில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி முகத்தை மொய்க்கும். இரண்டு கையும் கோலில் இருக்கும்போது விரட்டவும் முடியாது.

என்ன கொண்டுபோவது

கண்ணாடி, தொப்பி. இரண்டும் இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது. வேடர் (தண்ணீர் புகாத நீளக் கால்சட்டை), பிடிப்புள்ள பூட்ஸ், ஊன்றுகோல், தானே உப்பும் லைஃப் ஜாக்கெட் ஆகியவற்றைப் பயிற்சியாளரிடமே கேட்டு வாங்கலாம். ஸ்பே வேகமான ஆறு, அடியில் உருண்டைக் கற்கள். கற்கும் நாளில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆழமாக இறங்க இறங்கக் கோலின் உயரம் அந்த அளவுக்குக் குறையும், டி-லூப் தண்ணீரில் தட்டும்.

ஆற்றங்கரையில்: முதல் அரை மணி

கோலைப் பூட்டும்போதே பாடம் தொடங்கிவிடுகிறது. ஸ்பே வீச்சில் கோல் முன்னும் பின்னும் மட்டும் போவதில்லை, சுழலவும் செய்கிறது. அந்த முறுக்கில் இணைப்புகள் மெல்ல மெல்லக் கழன்றுகொள்ளும். கழன்றது தெரியாமல் வேகமாக வீசினால் இணைப்பில் கோல் உடையும், அல்லது மேல் துண்டு லைனோடு ஆற்றுக்குள் பறக்கும். அதனால் நுனி வளையத்திலிருந்து கைப்பிடிவரை கண்ணை ஓடவிட்டு வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் மின்சாரக்காரர்கள் சுற்றும் இன்சுலேஷன் டேப்பைச் சாய்வாக, பாதிப் பாதி மேலேறும்படி சுற்றுவார்கள். பயிற்சியாளர் இதைச் செய்யும்போது நீங்களும் ஒரு இணைப்பைச் சுற்றிப் பழகுங்கள். ஃப்ளைக்குப் பதில் கொக்கி வெட்டிய ஃப்ளையோ கம்பளி நூல் துணுக்கோதான் கட்டுவார்கள்.

அடுத்து பிடி. மேல் கை கார்க் கைப்பிடியின் மேல்பகுதியில், கீழ்க் கை அடிமுனையில், இடையில் தோள் அகலம். நம் உள்ளுணர்வு மேல் கையால் தள்ளச் சொல்லும். உண்மையில் வேலையைச் செய்ய வேண்டியது கீழ்க் கை. அதை நெஞ்சை நோக்கி இழுத்தால் நுனி தானாக முன்னால் பாயும். இது முதல் நாளில் வரவே வராது. மேல் கையில் கோலை இரண்டு விரலால் மட்டும் பிடிக்கச் சொல்லி வீசவைப்பது இதற்கு நல்ல மருந்து. உங்கள் பயிற்சியாளர் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

முதல் வீச்சு ரோல் காஸ்ட். லைனை மெல்லப் பின்னுக்கு இழுத்து வந்து, தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டு, ஒரு நொடி நின்று, முன்னால் எறிவது. இதில் அலட்சியம் வேண்டாம். ஸ்பே வீச்சுகள் எல்லாவற்றுக்கும் கடைசிப் பகுதி இதுதான். மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டிக்கொண்டே போய், கோல் இன்னும் உயரத்தில் இருக்கும்போதே சட்டென்று நிறுத்த வேண்டும். துவைத்த வேட்டியை உதறுகிறவர் கையைப் பாருங்கள், கடைசியில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டுதான் லைனைக் கொண்டுபோகிறது. கோலைத் தண்ணீர்வரை அடித்து இறக்கினால் லைன் அகலமாக விரிந்து, பாதி வழியில் பொத்தென்று விழும்.

காற்று எந்தப் பக்கம்?

எந்த வீச்சு அழகு, எது எளிது என்பது இரண்டாவது. எந்த வீச்சை வீச வேண்டும் என்று முடிவுசெய்வது காற்று. விதி ஒன்றுதான்: ஆங்கரும் டி-லூப்பும் காற்று உங்களிடமிருந்து லைனைத் தள்ளிக்கொண்டு போகும் பக்கத்தில் இருக்க வேண்டும். காற்று ஆற்றின் போக்கில் கீழ்நோக்கி வீசினால், ஆங்கர் கீழ்ப்பக்கம்: டபுள் ஸ்பே அல்லது ஸ்னேக் ரோல். காற்று ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி வீசினால், ஆங்கர் மேல்ப்பக்கம்: சிங்கிள் ஸ்பே அல்லது ஸ்னாப்-டி. இதை மாற்றிச் செய்தால் காற்று ஃப்ளையை நேராக உங்கள் முகத்துக்குக் கொண்டுவரும். கண்ணாடியும் தொப்பியும் எதற்கு என்று அப்போது புரியும்.

கரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆறு போகும் திசையைப் பார்த்து நின்றால் இடது கையில் இருப்பது இடக்கரை, வலது கையில் இருப்பது வலக்கரை. வலது கையை மேலே வைப்பவருக்கு வலக்கரையில் டபுள் ஸ்பே இயல்பாக வரும், இடக்கரையில் சிங்கிள் ஸ்பே. மற்ற சூழ்நிலைகளில் இடது கையை மேலே மாற்ற வேண்டும், அல்லது எதிர்த் தோளுக்கு மேலாக வீச வேண்டும். முதல் நாளிலிருந்தே இரண்டு கைகளையும் மாற்றிப் பழகுவதுதான் நல்லது என்பேன். பழகாத கைக்குக் கெட்ட பழக்கமும் இல்லாததால், அது சில நாளில் மற்றதைவிட அழகாகவே வீசும்.

டபுள் ஸ்பே, படிப்படியாக

அரை நாள் வகுப்பில் ஒரே ஒரு வீச்சுதான் முழுதாகக் கற்க முடியும் என்றால், இதைக் கேளுங்கள். இதில் ஆங்கர் தண்ணீரில் பொறுமையாகக் காத்திருக்கும். நீங்களும் நிதானமாக யோசிக்கலாம். நீங்கள் வலக்கரையில், வலது கை மேலே வைத்து, எதிர்க்கரையைப் பார்த்து நிற்கிறீர்கள். ஆறு இடமிருந்து வலமாக ஓடுகிறது, காற்றும் அப்படியே.

1. லைன் வலப்பக்கம் கீழே நேராகத் தொங்கட்டும். கோல் நுனியைத் தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்த்துங்கள். தொய்வு இருந்தால் அதை இழுத்துக்கொள்ளுங்கள். கால்களும் இடுப்பும் வீசப்போகும் திசையைப் பார்க்கட்டும்.

2. மெல்லத் தூக்குங்கள். அவசரமே இல்லை. லைன் தண்ணீரிலிருந்து வரிசையாக உரிந்து வர வேண்டும்.

3. அப்படியே கோலை உடம்புக்குக் குறுக்கே இடப்பக்கம், மேலாற்றுத் திசையில் கொண்டுபோய்த் தாழ்த்துங்கள். லைன் உங்கள் முன்னால் தண்ணீரில் படியும். அதன் நுனி மட்டும் உங்களுக்குக் கீழ்ப்புறம், சுமார் ஒரு கோல் நீளத் தூரத்தில் நிற்க வேண்டும். இந்த இடத்தில் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ள நேரம் உண்டு. நுனி உங்களைத் தாண்டி மேலாற்றுப் பக்கம் வந்துவிட்டால் வீசாதீர்கள். லைன் தன்மேலேயே குறுக்கிட்டு உங்கள் மேல் மோதும். விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

4. இப்போது கோலைத் திரும்பவும் வலப்பக்கம், கொஞ்சம் தாழ்வாகத் தொடங்கி மெல்ல உயரும்படி சுழற்றுங்கள். லைன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடாகத் துளி தெறித்து வரும். அது தெரிந்தால் சரியான வேகம்.

5. கோல் தோளுக்குப் பின்னால் ஏறி நிற்கும்போது டி-லூப் நிறைகிறது. அது பின்னால் நிறையும்வரை கையை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் காத்திருங்கள்.

6. கீழ்க் கையை நெஞ்சுக்கு இழுத்து முன்னால் வீசி, உயரத்திலேயே நிறுத்துங்கள். டி-லூப் எந்தத் திசைக்கு நேர் எதிரே இருக்கிறதோ, லைன் அந்தத் திசைக்குத்தான் நன்றாகப் போகும். இலக்கை மாற்றினால் டி-லூப்பையும் மாற்ற வேண்டும்.

சிங்கிள் ஸ்பே இதைவிடச் சிக்கனமானது, ஒரே வீச்சில் முடிந்துவிடும், அதனால்தான் கடினம். லைனைத் தூக்கி, லேசாகக் குழிந்த பாதையில் மேலாற்றுப் பக்கம் சுழற்ற, ஆங்கர் பறந்து வந்து தண்ணீரைத் தொட்ட உடனே முன்னால் போக வேண்டும். தொட்ட பிறகு யோசித்தால் தாமதம். முதல் வகுப்பில் இதைத் தொட்டுப் பார்த்தால் போதும். ஸ்னாப்-டி கற்றுக்கொண்டால் அதே காற்றை நிதானமாகச் சமாளித்துவிடலாம்.

காதைப் பயன்படுத்துங்கள்

பின்னால் நடப்பதைப் பார்க்க முடியாவிட்டாலும் கேட்க முடியும். முன்னால் வீசத் தொடங்கியதும் சர்ர்ரென்று தண்ணீர் கிழிவதுபோல் நீளமாகக் கேட்டால் ஆங்கர் அதிகம்; லைன் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் நீங்கள் தாமதித்ததாக இருக்கலாம், சுழற்சி தாழ்வாக இருந்திருக்கலாம். பின்னால் சாட்டை சொடுக்கியதுபோல் படீர் என்றால் ஆங்கரே இல்லை. நுனி தண்ணீரைத் தொடாமல் பறந்துவிட்டது, சுழற்சியில் வேகம் அதிகம். சரியான வீச்சில் சின்னதாக ஒரு சீறல் மட்டும் வரும். ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு பயிற்சியாளர் வாய் திறக்கும் முன் உங்கள் காது என்ன சொன்னது என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். அவர் ஆமாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா? வகுப்பு முடிந்து தனியாக நிற்கும்போது உங்களிடம் மிச்சமிருக்கப்போவது இந்தக் காதுதான்.

இன்னொன்று. வீச்சு கெட்டுப்போனால் எல்லாரும் செய்வது பலத்தைக் கூட்டுவது. ஏறக்குறைய எப்போதுமே தவறு முன்வீச்சில் இருக்காது, முதல் தூக்கலிலோ ஆங்கர் விழுந்த இடத்திலோ இருக்கும். பலமாக வீசினால் அது இன்னும் மோசமாகும். நல்ல பயிற்சியாளர் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கித் தேடிக்கொண்டு போவார். ஒரே நேரத்தில் நாலு தவறைச் சொல்பவரிடம், "இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

வகுப்பின் கடைசிக் கால் மணி நேரத்தைப் புது வீச்சுக்குச் செலவழிக்காமல் வீடியோவுக்கு ஒதுக்குங்கள். பக்கவாட்டிலிருந்து ஒன்று, நேர் பின்னாலிருந்து ஒன்று. நன்றாக வந்த வீச்சையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வகுப்புக்கு நடுவே

அரை மணி, முக்கால் மணி, அடிக்கடி. ஒரே நாளில் நாலு மணி நேரம் வீசினால் களைப்பில் தவறுதான் பதியும். ஆறு இல்லாவிட்டால் டிரவுட் குளத்தில் உரிமையாளரிடம் கேட்டு, கொக்கி இல்லாமல் பழகலாம். தேங்கிய நீரில் லைனை நீட்டிவிட நீரோட்டம் இருக்காது, அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு ரோல் காஸ்ட் போட்டு நேராக்கிவிட்டுத் தொடங்குங்கள். லைன் நுனிக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய இழைதான் லீடர்; புல்லில் பழகுவதற்கென்று முடிச்சுகள் போட்ட தனி லீடர்கள் உண்டு. வெறும் லைன் புல்லில் வழுக்கிவிடும், ஆங்கர் நிற்காது. எங்கே வீசினாலும் முதலில் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் கோலில் மின்சாரம் பாயும்.

வீடியோவை உங்கள் பயிற்சியாளர் எடுத்த அதே கோணத்தில் எடுத்து, பழையதோடு வைத்துப் பாருங்கள். காற்றடிக்கும் நாளைத் தவிர்க்காதீர்கள். காற்றில்லாத குளத்தில் மட்டும் பழகியவர் ஆற்றுக்கு வந்ததும் திகைத்துப்போவார். தூரத்தை அளக்காதீர்கள். ஹெட் முழுதும் கோல் நுனிக்கு வெளியே வந்து, லீடர் நேராக விரிந்து விழுகிறதா என்பது மட்டுமே கணக்கு.

இரண்டாம் வகுப்புக்கு மூன்று நாலு வாரம் கழித்துப் போவது நல்லது. அதற்குள் கையில் ஒரு பழக்கம் வந்திருக்கும், தவறாகப் பதிந்திருந்தாலும் இறுகியிருக்காது. அந்த வகுப்பில் மற்ற காற்றுக்கான வீச்சைக் கேளுங்கள். இரண்டு காற்றுக்கும் தலா ஒரு வீச்சு கையில் இருந்தால் ஆற்றில் இறங்கத் தகுதி வந்துவிட்டது.

மீனுக்காக வீசும்போது

ஆற்றைக் குறுக்காகவும் கீழாகவும், சுமார் 45 பாகையில் வீசி, நீரோட்டம் ஃப்ளையை உங்கள் கரைக்குக் கொண்டுவரும்வரை விட்டு, இரண்டடி கீழே நகர்ந்து மறுபடி வீசுவது. இப்படி ஒரு மடுவை முழுசாகத் துழாவுவதுதான் முறை. கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் இரை எடுப்பதில்லை, அதனால் நாள் முழுக்க ஒன்றும் தொடாமல் போவது சர்வசாதாரணம்.

கிடைத்தாலும் திருப்பி விடத் தயாராக இருங்கள். பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். 2023-இல் அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் சேர்த்தது. ஸ்காட்லாந்தில் ஏப்ரல் 1-க்கு முன் பிடிக்கும் சால்மனை எந்த ஆற்றிலும் வைத்துக்கொள்ளக் கூடாது. எண்ணிக்கை குறைந்த ஆறுகளில் ஆண்டு முழுவதுமே கூடாது. முள் நீக்கிய கொக்கி போடுங்கள். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வலையில் வைத்துக் கொக்கியைக் கழற்றி, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி பிடித்து, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள். படம் எடுப்பதானால் அதற்கு முன்பே ஃபோனைக் கூட இருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள்.